கற்கள் அனைத்தும் உள்ளன

ஆணையின் மூன்றாம் பத்தி:
அறுபத்தொரு ஹெக்டேர் நாற்பத்தெட்டு ஏர்ஸ்,
மேய்ச்சல் தரிசு,
இன்றுமுதல் மத்திய அரசுக்கு.
எதற்கு என்ற இடத்தில்: பொது நோக்கம்.
விலை என்ற இடத்தில்: இல்லை.
ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கொடுக்கையில்
வெற்றிலை பாக்குகூட மாற்றிக்கொள்வதில்லை.

நான் குறுவட்ட நில அளவர்.
கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி என்னுடையது.
"எல்லைக் கற்கள் அனைத்தும்
அதனதன் இடத்தில் உள்ளன."

இருபத்துமூன்று இருந்தன.

இருபத்துநான்காவது, வடகிழக்கு மூலையில்
மூன்று ஊர் எல்லையும் முட்டிக்கொள்ளும் கல்,
தலையில் அம்புக்குறி கொத்தியது,
வெள்ளைக்காரன் நட்டுவிட்டுப் போனது.
அது நின்ற இடத்தில் ஒரு சதுரக் குழி,
குழிக்குள் கொழிஞ்சி முளைத்து
பூவும் விட்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் தேடிப் போனேன்.
தூரமில்லை.
துளசிமணி வீட்டுக் குழாயடியில்
ஜமுக்காளத்தை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள்,
அதன்மேல்.
"நல்ல கல்லுங்க சார், வழவழன்னு.
அந்த அம்பு மட்டுந்தான்
சட்டைப் பட்டன அத்துப்போடுது.
எங்கூட்டுக்காரரு வண்டியில போட்டுட்டு வந்தாரு,
அது ஆச்சு பத்து வருசத்துக்கு மேல.
ஏனுங்க, யாராச்சும் தேடறாங்களா?"

எந்தச் சட்டம் என்று யோசித்தேன்.
திருடியபோது அது மாநிலத்தின் கல்.
நாளைக் காலை பத்தரை மணிக்குமேல் தேசத்தின் கல்.
கேஸ் எழுத வேண்டியது எந்த ஸ்டேஷன்?
பத்தி ஏழைப் புரட்டினேன்:
நிலமும் அதன்மேல் உள்ள உரிமையும் அவர்களுக்கு,
சட்டம் ஒழுங்கு நம்மிடமே.
அதாவது
மண் அந்தப் பக்கம்,
களவு இந்தப் பக்கம்.

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.
தேடவில்லை என்றேன்.

டெம்போவில் ஒரு கான்கிரீட் தூண் வரவழைத்து
இருட்டுவதற்குள் நட்டேன்.
குழி இருந்தது. குழியில் நடவில்லை.
நாலு எட்டு மேற்கே தள்ளி நட்டேன்.
கிழக்கோரம் கிளுவை வேலியை ஒட்டி
ஆடுகள் நடந்து நடந்து வெளுத்த தடமொன்று
படலுக்குப் போகிறது,
எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தடம்.
இரக்கம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.
குழிக்கடியில் பாறை தட்டியது என்றும்
எழுதிக்கொள்ளலாம்.

மறுநாள்
காற்றாலைகளுக்குக் கீழே சாமியானா.
தாசில்தார் அம்மா மூன்று பிரதியிலும் ஒப்பமிட்டார்.
கட்டாக்கிலிருந்து வந்திருந்த பிரதான் சார்
பழக்கத்தில் ஒடியாவில் போட்டுவிட்டு,
நாக்கைக் கடித்து,
பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதினார்.
பல்லடத்துக் காற்று காகிதத்தை விடவில்லை.
யாரோ ஓர் இளநீரைத் தூக்கி
அரசாணைமேல் வைத்தார்கள்.
ஈரம் வட்டமாக இறங்கியது,
ஏர்ஸ் என்ற சொல்லின்மேல்.

பிறகு எல்லையைச் சுற்றி நடந்தோம்.
ஒவ்வொரு கல்லிலும் பிரதான் சார் நின்றார்,
எண்ணினார்,
செருப்பில் குத்திய முள்ளைப் பிடுங்கினார்,
அதன் பெயர் கேட்டார். சொன்னேன்.
தப்பாகத் திருப்பிச் சொன்னார், சிரித்தோம்.
இருபத்துநான்கில் குனிந்தார்.
தூணடியில் சிமெண்ட் இன்னும் காயவில்லை.
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு
"இருபத்துநான்கு" என்றார்.

அந்த ரேகை இப்போதும் இருக்கிறது.
மழைக்குப் பிறகு போனால் தெளிவாகத் தெரியும்.

சித்திரையில் வேலிக்காரர்கள் வந்தார்கள்.
பொறியாளர் போனில் அழைத்தார்:
"வடக்குப் பக்கம் வரைபடத்தைவிடப்
பத்தடி குறையுதே, அளவர் சார்?"
"வெயில் சார்.
வெயிலில் சங்கிலி நீளும்.
நீண்ட சங்கிலி
நிலத்தைக் குறைத்துக் காட்டும்."

பொய்யில்லை.
பயிற்சிப் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பத்தடிக்கு நீளாது.