நான்காம் எண், இடப்பக்கம்

பன்னிரண்டு ஆட்டங்கள் எழுதியிருக்கிறாய், தனசீலா,
உன் மணிக்கட்டு அட்டையில்.
பொடி எழுத்து, நான்கு நிறம்,
லேமினேட் செய்ய ஆளுக்குப் பத்து ரிங்கிட் வசூல்.
இந்த சீசன் முழுக்க நாம் ஆடியது
ஒன்றே ஒன்று:
நான்காம் எண், இடப்பக்கம்.

பந்து உன் கைக்கு வரும்.
ஒரு மூச்சு, அவ்வளவுதான்.
பக்கத்தில் நிற்கும் புகழரசிக்குக் குறுக்கே,
அடுத்த வீட்டுக்குச் சர்க்கரை நீட்டுவதுபோல்
ஒரு வீச்சு.
பிடிப்பாள். பிடிக்காமல் என்ன!
பிடித்து நிமிர்வதற்குள்
இடுப்புக் கொடியை உருவிவிடுவான் கெப்போங்காரன்.
லாபம் ஒரு கெஜம்.
சில நாள் அதுவும் இல்லை.
நண்டுபோல் அகலவாக்கில் முன்னேறினோம்.

மூன்றாம் முயற்சி, தேவை பன்னிரண்டு கெஜம்,
நீ போட்டது ஒரு கெஜத்துப் பந்து.
வாரத்தில் ஐந்து நாள்
கணக்கு டியூஷன் எடுக்கிறவன் நீ.

நான் வலக்கோடி.
என் வேலை ஓடுவது:
இருபது கெஜம் நேராக, பிறகு உள்பக்கம் வெட்டி,
காவலுக்கு வருகிறவனையும் இழுத்துக்கொண்டு.
"நீதான் தூண்டில் புழு" என்றாய் முதல் நாள்,
பாராட்டுப்போல.
வங்சா மாஜு திடலின் அந்த மூலை எனக்கு மனப்பாடம்.
தண்ணீர் தேங்கும் பள்ளம்,
கம்பத்தடியில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் சிலிப்பர்,
வேலிக்கு அப்பால் எல்ஆர்டி போகையில்
கண்ணாடி கண்ணாடியாய் வெயில் வழுக்குவது.
பந்து மட்டும் அங்கே வந்ததில்லை.

அக்டோபரிலிருந்து எனக்குக் காவலே போடுவதில்லை அவர்கள்.
புழு வெறும் ரப்பர் என்று
மீனுக்குத் தெரிந்துவிட்டது.
கை தூக்கி நிற்கிறேன், பஸ்ஸை நிறுத்துகிறவளாய்.
நீ திரும்புவதே இல்லை.

தோற்ற பிறகு மாமாக் கடையில்
நன்றாகத்தான் விளக்குகிறாய்.
மிளகுத்தூள் டப்பா நீ, கிச்சாப் புட்டி புகழரசி,
தே தாரிக் கிளாஸ்கள் எதிரணித் தடுப்பு.
"சின்னச் சின்னதாய்ப் போனால் பெரிய கதவு திறக்கும்."
திறந்துதான் கிடக்கிறது, ஐயா.
மேசையின் இந்த ஓரத்தில்
ஒரு பல்குச்சியாகக்கூட நீ என்னை வைக்கவில்லை.

இதெல்லாம் போன வாரம்வரை.

இன்று நீ ஈப்போவில், மச்சினன் கல்யாணம்.
அட்டையை என் கையில் கட்டிவிட்டார்கள்.
ஒன்பதாம் எண்ணுக்கு நேரே, சிவப்பில்:
'நீளம். வலக்கோடி.'
எழுதித்தான் வைத்திருந்திருக்கிறாய்.

கடைசி முயற்சி, பதினைந்து கெஜம்.
நான்கு மணி மழை வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தது.
எல்லாரும் குனிந்து வட்டமாய் நின்றோம்.
ஒன்பது சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"நாலு, லெஃப்ட்" என்றது வாய்.

பந்து வந்தது, ஈரச் சோப்புக்கட்டியாய்.
என் பழைய மூலையில் ஷம்சூல்,
பள்ளத்துக்கு இப்பால், தன்னந்தனியாக, கை தூக்கி.
பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.
அவ்வளவு தூரம் எறிந்து தவறினால்
அது என் பெயரில் தவறும்.
ஒரு கெஜம்
யார் பெயரிலும் தவறுவதில்லை.

புகழரசி பிடித்தாள். பிடிக்காமல் என்ன.

நனைந்துகொண்டே நடந்து வந்தான் ஷம்சூல்.
எதையும் குறை சொல்லவில்லை.
கையில் அந்தச் சிலிப்பர்.
"அக்கா, யாருடையது இது?
ரொம்ப நாளாய் அங்கேயே கிடக்கிறதே."