எடையோடு அளத்தல்

பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து
மீற்றரைக் கொண்டுவந்தாள் கொன்சி.
தீப்பெட்டியளவு. ஒரு சிவப்பு வயர்.
பிளக் கம்பியில் ஐந்து சுற்றுச் சுற்றி
டேப்பால் இறுக்கினாள்.
"இனி இது பொறியை எண்ணும்."

எண்ணியது. பத்தாயிரத்து நானூறு.
மரியரட்ணம் பிடியை விட்டே விட்டான்.
"பயப்பிடாதேங்கோ,
ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி எண்டு
நான் இன்னும் அதுக்குச் சொல்லேல்லை."
பொத்தானை அமத்தினாள்.
எல்லாம் பாதியாயிற்று.

வெறும் படகு, காலைக் கடல்,
கச்சான் எழும்ப முந்தி.
முழுக்கத் திறந்தால் ஐயாயிரத்து இருநூறு.
புத்தகம் கேட்பது
ஐயாயிரத்துக்கும் ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் நடுவில்.
"அப்ப விசிறி சரிதானே," என்றேன்,
"பிறகேன் மண்ணெண்ணெயை இப்பிடிக் குடிக்குது?"

என் கொப்பியை வாங்கி
விரலை இறக்கிக்கொண்டே போனாள்.
பாடு இல்லாத நாள் இருபத்தாறு லீற்றர்.
பாரை பட்ட நாள் நாற்பத்தொன்று.
அறக்குளா ஏறிய நாள் நாற்பத்துமூன்று,
பக்கத்தில் எண்ணெய்க் கறை.
"வெறும் படகு பொய் சொல்லும்.
மீனை ஏத்திப் பாக்கவேணும்."

மீன் கடலில் இருந்தது.

அறுநூறு கிலோ என்றேன், ஐசோடு, நல்ல நாளில்.
அப்படியென்றால் பன்னிரண்டு உரப் பை.
கள்ளப்பாட்டுக் கரையில் சும்மா நின்ற ஏழெட்டுப் பேர்
கேளாமலே வந்து குந்தினார்கள்.
ஒருவர் வாய் பிடிக்க ஒருவர் அள்ள
முக்கால் மட்டத்தில் நிறுத்தி
தட்டி
முறுக்கிக் கட்டி
அடுத்தது.
யாரும் யாருக்கும் ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை.
ஒன்பதாவது பையில்தான் கவனித்தேன்,
ஒருவரும் கதைக்கவில்லை.
எமிலியானா அக்கா தன் முடிச்சை இழுத்துப் பார்த்து
"உரப் பை நல்லது. சீலை கிழியும்" என்றா.
தூக்கி ஏற்றினோம்.

பிடிக்காத மீனின் எடையோடு வெளிக்கிட்டோம்.
பிடி கடைசிவரை திரும்பியிருந்தது.
நாலாயிரத்து நானூறு.
மணல் ஒழுங்கையில் நெல் இழுக்கும்
லாண்ட்மாஸ்டர் போல இருமியது எஞ்சின்.
நாலாயிரத்து நானூறு, திரும்பவும் நாலாயிரத்து நானூறு.
இத்தனை வருசமும்
மீனோடு வரும்போதெல்லாம்
இதன் நெஞ்சில் ஏறி நின்றுதான் வந்திருக்கிறோம்.

கரையில் எஞ்சினைச் சாய்த்து
விசிறியின் குடத்தில் அடித்திருந்த இலக்கத்தை
உப்புச் சுரண்டிக் காட்டினாள்: பதின்மூன்று.
"ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று அங்குலம் முன்னுக்குப் போகும்,
கடல் பலகையா இருந்தால்."
கடல் பலகையில்லை.
கொஞ்சம் கொடுக்கும், கொஞ்சம் வழுக்கும்.
"அங்குலம் ஒண்டு குறைச்சால் இருநூறு ஏறும்."

பதினொன்று, சிலாவத்தை நிக்சனிடம் இரவல்,
ஓர் இதழ் நெளிந்தது.
நாலாயிரத்து எழுநூற்றைம்பது.
பத்து, டவுன் கடையில்
பிடிக்காவிட்டால் திருப்பித் தருவதாய்ச் சொல்லி
பெட்டி கிழியாமல் எடுத்தது.
அதே பைகள். அதே இரண்டு பேர், அதே நான்.
ஐயாயிரத்து ஐம்பது.
மரியரட்ணம் மீற்றரைப் பார்க்கவில்லை.
"இருமல் நிண்டிட்டுது" என்றான்.

கொன்சி சிரிக்கவில்லை.
பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து
பிடியில் ஒரு சிவப்புக் கோடு போட்டாள்.
"வெறுமையாப் போகேக்க இதுக்கு மேல திருகாதேங்கோ.
ஐயாயிரத்து எண்ணூறு தாண்டும், மோதிரம் தின்னும்."
ஆக இனி
இருட்டில் போகும்போது கையை அடக்கவேணும்,
நிறைந்து வரும்போது அடக்கத் தேவையில்லை.
பழக நாளாகும்.

கடையில் இரண்டாயிரம் பாக்கி.
பதின்மூன்றை விற்கலாம், வேகப் படகுக்காரர் வாங்குவார்கள்.

மணலை வந்த இடத்திலேயே கொட்டினோம்.
பைகளை உதறி மடித்தால் பதினொன்று.
பன்னிரண்டாவதை அவிழ்க்காமல்
அதன்மேல் குந்தியிருந்து
வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தா எமிலியானா அக்கா.
கை நீட்டினேன்.
"இருக்கட்டும்," என்றா,
"உயரம் அளவாக் கிடக்கு."