வலது முதலில்

நான்காவது தடவையில்தான் கிடைத்தது லைசென்ஸ்.
மூன்று முறையும் ஒரே பிழை:
வலப்பக்கச் சந்திலிருந்து வந்தவருக்கு
வழி விடவில்லை.
"வலது முதலில், தவமலர், வலது முதலில்"
என்பார் பயிற்சி தந்த பிரிங்க்மன்,
ஒவ்வொரு மூலையிலும், கோபமே இல்லாமல்.

இன்று ஹோடன்ஹாகன்.
பழைய ஓப்பல். பின்சீட்டில் மிதுலனும்
அவன் தின்று முடிக்காத ரோல்ஸும்.
பக்கத்தில் இவர்,
இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக்
கால்விரிப்பைத் தேய்த்தபடி.
காலையில் திறப்பைக் கேட்டபோது சொன்னவர்:
"லைசென்ஸ் வந்ததும் உனக்குக்
கொம்பு முளைச்சிட்டுது."

வாசலில் தந்த தாள்
மூன்று மொழியில் சொன்னது
கண்ணாடியை இறக்காதே, கதவைத் திறக்காதே என்று.
நான்காவது மொழியில் இவர் சொன்னார்.

வரிக்குதிரைகள் குறுக்கே போக
கடவையில் நிற்பதுபோல் நின்றேன்,
பழக்கத்தில் தலையும் அசைத்தேன்.
பிறகு பிர்ச் மரங்களுக்கு நடுவே
மழை ஊறிய மண்மேடு ஒன்று
எழுந்தது.
நடந்தது.
வலப்பக்கத்திலிருந்து.

நின்றேன்.
இவ்வளவு மெதுவாக, இவ்வளவு நேராக
எந்தப் பரீட்சையிலும் நின்றதில்லை.
தெருவின் நடுவே வந்து
அதுவும் நின்றது.

இரண்டு கொம்பு. முன்னது நீளம்,
நுனியில் காய்ந்த சேறு.
காதுகள் தனித்தனியே திரும்பின
ஆளுக்கொரு வேலைபோல.
அத்தனை உடம்புக்கு
ஒரு சட்டைப் பொத்தான் அளவே கண்.
அது என்னைப் பார்த்ததா தெரியாது.
என்னைத் தாண்டியும் பார்க்கவில்லை.

"ஹோர்ன் அடியப்பா"
உதடு பிரியாமல் இவர்.

யாருக்கு யார் அடிப்பது?
உட்கண்ணாடியில் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டேன்.
ஒன்றுமில்லை. இன்னும்.

பின்னால் ப்ரேமன் இலக்கத்தகட்டோடு ஒரு வான்,
அதற்கும் பின்னால் பத்துப் பன்னிரண்டு கார்.
வெள்ளிக்கிழமை மாலை நெடுஞ்சாலையில்
அரை நொடிக்குக் கத்துகிற சனம்
மூச்சுக் காட்டவில்லை.
மிதுலன் ஜெர்மனில் எண்ணிக்கொண்டிருந்தான்,
ஒன்றும்-எண்பதும், இரண்டும்-எண்பதும்,
எதற்கென்று அவனுக்கும் தெரியாது.

அது இவர் பக்கம் வந்தது.
யன்னல் மங்கியது மூச்சில்.
விலாவைச் சாய்த்து
பக்கக் கண்ணாடியில் ஒருமுறை சொறிந்தது,
கார் கப்பலாகச் சாய்ந்து நிமிர,
கண்ணாடி மடங்கி உள்ளே திரும்பியது.
இவருடைய இரண்டு காலும்
விரிப்பை விட்டு மேலே, அந்தரத்தில்.
கை என் கையைத் தேடி
கியரைப் பிடித்துக்கொண்டது.

போகும்போது
ஒரு கடகம் சாணம் தெருவில்.
அவசரமே இல்லை.

இவர் கையை மெல்ல விலக்கி
முதல் கியர் போட்டேன்.
"அம்மா, வலது" என்றான் மிதுலன்.

குட்டி.
கொம்பு முளைக்கவில்லை,
மூக்கில் ஒரு தடிப்பு மட்டும்.
தாரை முகர்ந்தது,
வெள்ளைக் கோட்டை முகர்ந்தது,
கோட்டின்மேலேயே படுத்துக்கொண்டது.

எஞ்சினை அணைத்துவிட்டு
ரோல்ஸ் மிச்சமிருக்கா என்று கேட்டேன்.