பித்தளை மூடி

தண்டர் பே. மைனஸ் இருபத்தெட்டு.
இரவுப் பணி முடிந்து வந்த தூவி
நிலவறைப் படிகளில் பாதியிலேயே நின்றாள்.
கீழே சிமெண்ட் தரை பளபளத்தது.

ஈரத்தில் கால் வைக்கவில்லை.
மேலேறிப் போய் மின்பெட்டியில்
'ஹீட்டர்' என்று யாரோ பென்சிலால் எழுதிய
சுவிட்சைத் தட்டி அணைத்தாள்.
அதன் பிறகுதான் ரப்பர் பூட்ஸ்.

தண்ணீர் வரும் வால்வு துருவேறிக் கிடந்தது.
துணி சுற்றித் திருகினாள்.
அசையவில்லை,
அசையவில்லை,
கால் சுற்று.

டார்ச் வெளிச்சத்தில் அப்போது பட்டது:
அழுத்தம் தணிக்கும் குழாயின் வாயில்
புத்தம் புது பித்தளை மூடி.
சொட்டுகிறது என்று போன மாதம் சொன்னாள்.
வீட்டுக்காரர் வெர்னர் வந்தார்,
ஐந்தே நிமிடம்,
சொட்டு நின்றது.
காபி கூடக் கொடுத்தாள்.

வாயை அடைத்தால் கொதி என்ன செய்யும்?
அடித்தையலைப் பிரித்துக்கொண்டது.
கூரையைப் பிரிக்காமல் விட்டதே.

மூடியைத் தொடவில்லை. ஆறட்டும்.
பிளம்பர் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னான்.

படியில் உட்கார்ந்தவள்
சட்டென்று வார்டுக்கு ஃபோன் போட்டாள்:
"நாலாம் படுக்கை.
வயிற்றுவலி திடீரென்று நின்றுவிட்டது என்றாரே,
நானும் 'நிம்மதியாகத் தூங்குகிறார்' என்று எழிதிவிட்டேனே,
எழுப்புங்கள் அவரை.
இப்போதே."