வரலாறு 114

செவ்வாய் மாலை ஆறு மணிக்கு
எனக்கு ஒத்துவந்த வகுப்பு அது ஒன்றுதான்.
கணக்குப்பதிவு திங்களன்று; வெல்டிங்கில் இடமில்லை.
ஆகவே நாற்பத்தாறு வயதில்
சர்க்கரை ஆலையின் அழுகல் வாடை சட்டையில் ஒட்டியிருக்க
மத்திய ஆசியாவுக்குள் நுழைந்தேன்,
மூர்ஹெட் நகரக் கல்லூரியின் பின்வாசல் வழியாக.

முதல் வாரம் பட்டுப்பாதை. அடுத்த வாரம் மங்கோலியர்.
அறுநூறு ஆண்டுகளை ஒரே மூச்சில் தாண்டினார் ஆசிரியர்,
தண்ணீர் குடிக்க மட்டும் நடுவில் நின்று.
ஓர்வில் டாம்ஸ்ட்ராம் அந்தப் பாடத்தில் கரை கண்டவர் அல்ல.
அதை அவரே முதல் நாள் சொல்லிவிட்டார்.
மூன்று கல்லூரிகளில் பகுதிநேர வேலை,
திருத்தாத தாள்களோடு காரில் பாதி வாழ்க்கை.
அவர் நேரில் பார்த்த கிழக்கு
மேய்ன் மாநிலத்து ஒரு கலங்கரை விளக்கத்தோடு முடிந்துவிடும்.

எனக்குப் பக்கத்து மேசை ஆய்சுலுவுக்கு.
என்னைவிட ஆறு வயது மூத்தவள்.
ஹோட்டல் சலவை அறையிலிருந்து நேரே வருவாள்,
விரல் நுனிகள் வெளுத்திருக்கும்.
வருகைப் பதிவில் அவள் பெயரை அவர்
வாரம் ஒரு விதமாக உடைத்தார்.
எல்லா உடைசலுக்கும் அவள் கை தூக்கினாள்.

ஒன்பதாம் வாரம் ஆரல் கடல் வந்தது.
பக்கம் 212, 213.
கடல் சரியாக நடுத்தையலில் விழுந்திருந்தது:
பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்,
மீதி நூலுக்குள்.
ஆய்சுலு கட்டை விரலால் தையலை அழுத்தி விரித்தாள்.
'இதற்குள்தான் எங்கள் ஊர்.'
பசை விட்டு ஒரு தாள் கழன்று வந்தது.
புத்தகம் நூலகத்துடையது.
இரண்டு பேரும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தோம்,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

இடைத்தேர்வில் நான்காம் கேள்வி:
கடல் ஏன் வற்றியது? மூன்று காரணங்கள் தருக.
நான் அந்த அத்தியாயத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன்.
பருத்தி. கால்வாய். மாஸ்கோவின் அவசரம்.
முழு மதிப்பெண்.

அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:
'என் அப்பா படகு கட்டும் கயிற்றை
ஒவ்வொரு வசந்தத்திலும் கொஞ்சம் நீளமாக வாங்கினார்.
பிறகு கயிறு விற்ற கடையை மூடிவிட்டார்கள்.'
ஓரத்தில் சிவப்பு மையில்: காரணம் எங்கே? ஆதாரம்?

அவளுக்கு அறுபத்தொன்று. எனக்கு எண்பத்தெட்டு.
என் தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள்.
'நீ அங்கே போயிருக்கிறாயா, ஆர்லிஸ்?'
குத்தல் இல்லை அதில்.
போயிருப்பேன் என்றே நினைத்துவிட்டாள்.

அன்று பஸ் வரவில்லை. என் காரில் ஏறினாள்.
நெடுஞ்சாலையின் இரு பக்கமும்
வெட்டிக் குவித்த கிழங்கு மலைகள்,
அவற்றின் மேல் வருடத்தின் முதல் பனி.
வேறு எதுவும் இல்லை. மேடு இல்லை, பள்ளம் இல்லை.
ஒரு கோலிக்குண்டை வைத்தால்
எந்தப் பக்கம் உருள்வதென்று அதற்கே தெரியாது.

ஏன் இவ்வளவு தட்டை என்று கேட்டாள்.
இதுவும் தரைதான், ஏரியின் தரை என்றேன்.
பனிமலை உருகி நின்ற தண்ணீர்,
ஆரலைவிடப் பெரிது.
வற்றி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்துத்தான்
அதற்குப் பெயரே வைத்தார்கள்.
கேட்டதும் கண்ணாடியை இறக்கினாள்.
குளிர் உள்ளே பாய்ந்தது.
வெளியே தலை நீட்டி
மோந்து பார்த்தாள்.

'உப்பு இல்லை.'
'நல்ல தண்ணீர்.'
'கரையில் யார் இருந்தார்கள்?'

என் பாட்டனாரின் அப்பா நார்வேயிலிருந்து வந்து
இந்த மண்ணை உழுதது எனக்குத் தெரியும்;
ஏக்கர் கணக்கு, வாங்கிய விலை,
முதல் குதிரையின் பெயர்கூடத் தெரியும்.
அதற்கு முன்னால்
சாலையில் வெள்ளைக் கோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

'தெரியாது' என்றேன்.

கண்ணாடியை ஏற்றினாள். கையுறையை மாட்டினாள்.
அவள் தெரு விளக்குகள் தெரியத் தொடங்கியபோது
கேட்டாள்:

'அந்த வகுப்பு என்ன கிழமை?'