ஜூலையில் ஜனவரி

நூறு கிலோமீட்டருக்கு ஒன்பது லிட்டர் குடித்த வண்டி
மே மாதம் பதினொன்று.
ஜூன் கடைசியில் பதினான்கு.
தடுப்பூசி நோட்டில்
ஆடு இருநூற்றுப் பன்னிரண்டு, குதிரை ஒன்பது என்பதற்குக் கீழே
பெட்ரோலையும் எழுதிவைப்பேன்.
எது மந்தை, எது வண்டி என்று
சில பக்கங்களில் எனக்கே தெரியாது.

நாரின் ஊரில் நான் கால்நடை மருத்துவர்.
கோடையில் மந்தைகள் மலைக்கு ஏறிவிடும்,
பின்னாலேயே நானும், என் கிழட்டு ஆவ்டியும்.
கணவாய் ஏறும்போதுகூடப் பரவாயில்லை.
நின்றால்தான் உதறல்.
கறிக்கடை முனையில் நிற்கிறேன்,
பின்பக்கக் கண்ணாடி நடுங்கி
எனக்குப் பின்னால் ஒரு லாரி, இரண்டு டிரைவர்.

"டயரில் காற்றில்லை" என்றார் அக்காள் கணவர் ஜிர்கல்பெக்.
அடித்தேன்.
"அப்படியானால் நீ ஓட்டுகிற லட்சணம்."

பங்க்கை மாற்றினேன். அதே பதினான்கு.
ஏர் ஃபில்டரைத் திறந்தேன்:
ஒரு கைப்பிடி வைக்கோல் தூசி,
சிறகு மடங்காமல் காய்ந்த ஒரு வெட்டுக்கிளி.
இரண்டையும் தட்டிவிட்டேன்.
பதின்மூன்றே முக்கால்.

பிறகு, எனக்குத் தெரிந்த விதத்தில் பார்த்தேன்.
வாலடியில் குனிந்து முகர்ந்தேன்.
புகைக்குழாயின் உதட்டில் ஈரக் கரி,
பச்சைப் பெட்ரோல் வாடை.
எந்தப் பிராணியானாலும் இதற்கு ஒரே பொருள்தான்:
தின்பது செரிக்கவில்லை.
பிளக்கைக் கழற்றினால்
ஐந்து நாக்கிலும் மை.
புதிதாக ஐந்து போட்டேன்.
எண்பது கிலோமீட்டர் பட்டுப் போல ஓடியது,
எண்பத்தொன்றில் மறுபடி உதறல்.
நாக்கை வழித்துவிட்டு
நோய் போய்விட்டது என்று நம்பியது நான்தான்,
படித்தவள்.

எமில்பெக்கின் பட்டறை
பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சரக்குப் பெட்டி.
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே கேட்டான்:
"காலையில் சட்டென்று கிளம்புகிறதா?"
கிளம்புகிறது.
"சூடானபிறகு அணைத்துப் போட்டால்தான் சண்டித்தனமா?"
ஆமாம்.
தொலி ஒன்றைத் துப்பினான்.
ஆற்றுப் பாலம் வரை ஓட்டிப்போய்க் கொதிக்கக் கொண்டுவந்தான்.
எஞ்சின் ஓரத்தில்
சுண்டுவிரல் அளவு பித்தளைச் சென்சார்,
அதன் ஒயரைப் பிடுங்கி மீட்டரின் இரு முனைகளை வைத்தான்.
முந்நூறு ஓம் காட்ட வேண்டிய இடத்தில்
பதினைந்தாயிரம்.

"உன் வண்டிக்கு இன்னும் ஜனவரி.
வெளியே மைனஸ் இருபது என்று இது சொல்லிக்கொண்டே இருக்கிறது.
கம்ப்யூட்டர் பாவம், நம்பி ஊற்றுகிறது."

ரேடியேட்டர் மேல் முட்டை பொரிக்கலாம்.
என் கழுத்தில் வியர்வை.
உள்ளே ஒருவன் மட்டும்
பனி பெய்கிறது, பனி பெய்கிறது என்று
இரவும் பகலும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

சென்சார் நானூற்றைம்பது சோம்.
கூலி இருநூறு. பேச்சுக்குக் காசு வாங்கவில்லை,
அதிகம் பேசவும் இல்லை.
மூன்று மாதமாக நான் கொட்டிய பெட்ரோலுக்கு
இரண்டு ஆடு வந்திருக்கும்.
வாலுள்ள நல்ல ஆடு.

திரும்பும் வழியில் கறிக்கடை முனை.
நின்றேன்.
கண்ணாடியில் ஒரே லாரி, ஒரே டிரைவர்.
ஸ்டியரிங் கையில் கிடக்கிறது, செத்ததுபோல.
அணைந்துவிட்டது என்று நினைத்து
சாவியைத் திருகினேன்.
ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் பல்லில் ஸ்டார்ட்டர் கிறீச்சிட்டது,
கறிக்கடைக்காரர் கத்தியோடு எட்டிப் பார்த்தார்.

அந்த வாரம் மட்டும் நாலு தடவை.

நோட்டில் இன்று:
ஆடு நூற்றெழுபது, கோமாரி இல்லை.
ஒன்பது புள்ளி நாலு.
ஜிர்கல்பெக் படித்துவிட்டுச் சொன்னார்:
"பார்த்தாயா, காற்று அடித்ததும்."