கோட்டுக்கு இந்தப் பக்கம்

மாத்திரையின் நடுவில் ஒரு கோடு இருப்பதைப்
பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் பார்த்தேன்.
முழுசாக விழுங்குகிறவளுக்குக் கோடு எதற்கு.

அவர் காரியம் முடியும்வரை தூங்கட்டும் என்று
யாரோ எழுதிக்கொடுத்த ஒரு வாரம்
இத்தனை நீளமாகிப் போனது.

மஞ்சக்குப்பத்தில் டாக்டர் ரோஸ்லின் சொன்னார்:
"இரண்டு வாரம் முக்கால். அப்புறம் வாங்க, பேசுவோம்."
அவ்வளவுதானா என்றேன்.
அவ்வளவுதான் என்றார், அவசரமே இல்லாமல்.

நான் ஒருதரம் அவசரப்பட்டிருக்கிறேன்.
தானே புயலில் மருந்துக்கடை திறக்காத நாட்கள்,
பட்டை காலி.
இதுதான் சாக்கு, விட்டுத் தொலைப்போம் என்று வீரம்.
மூன்றாம் ராத்திரி
கையில் பிடித்த டம்ளர் பல்லில் தாளம் போட்டது.
சுவர் ஈரம் எழுந்து நடந்தது.
கூரை பறந்த வீட்டுக்காரர்கள் தூங்கினார்கள்,
ஓடு கலையாத என் வீட்டில்
நான் உட்கார்ந்திருந்தேன்.
"வலிப்பு வராமல் போனது உங்க நல்லநேரம்."
திட்டவில்லை ரோஸ்லின். எழுதிக்கொண்டார்.

முக்கால் வெட்டுவது லேசில்லை.
அரிவாள்மனையில் தெறித்துக்
கேஸ் அடுப்புக்கடியில் ஓடியது ஒரு கால்.
டார்ச் அடித்துத் தேடினால்
ஓர் ஏலக்காய், வெடிக்காத ஊசிப்பட்டாசு.
மாத்திரை வெட்டும் டப்பி கேட்டுப்போனேன்.
"யாருக்குக்கா?" என்றான் கடைப்பையன்.
எனக்குத்தான் என்று
அன்றைக்குத்தான் வாய் வந்தது.

அரைக்கு வந்த வாரம்
ஓ.டி. துறைமுகத்து ஐஸ் கணக்கில்
முப்பது பாரை மூன்று என்று எழுதினேன்.
முதலாளி ராயப்பன் சத்தமில்லாமல் சைபர் சேர்த்தார்.
தென்காற்று சிப்காட் வாடையோடு வந்த ஓர் இரவு
கனவில் அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்,
என் பக்கம் திரும்பாமல்.
இத்தனை வருஷம் எங்கே நின்றிருந்தாரோ.
அழுது, எழுந்து, பட்டையை எடுத்து,
திரும்ப வைத்து,
விடிந்ததும் போன் போட்டேன்.
"குறைக்காதீங்க, ஏத்தவும் வேண்டாம்.
இங்கேயே ஒரு மாசம் நில்லுங்க."
நின்றேன். இரண்டு மாசம் ஆனது.

முழுசு போட்ட காலத்தில்
இருபதாவது நிமிஷம் அணைவேன்.
யாரோ சுவிட்சைத் தட்டுவதுபோல.
தூக்கம் வருவது தெரியாது, வந்து சேரும் நேரம் தெரியும்.

நேற்று கால் துண்டு.
புரண்டேன், தண்ணீர் குடித்தேன்,
கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
கெடிலத்துப் பாலத்தில் சரக்கு ரயில் ஏறியது.
வழக்கம்போல் பெட்டிகளை எண்ணினேன்.
பதினைந்து, பதினாறு,
பதினேழு

கதவடியில் பால் பாக்கெட் வெயிலில் கிடக்கிறது.
ஐஸ் வண்டி போய் அரைமணி இருக்கும்.
மீதிப் பெட்டிகள் எப்போது பாலம் தாண்டின
என்று எனக்குத் தெரியாது.